பாறை ஊலாங்: நெருப்புக்கு அடியில் இருக்கும் சுவை

அன்புள்ள ஐயா,

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட ஊலாங் தேநீரைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, சீனாவின் வூயி மலைப் பாறைத் தேயிலையில் நான்கு வகைகளை வாங்கினேன்: தா ஹோங் பாவ், ரோ குய், ஷுய் ஷியென், தியே லுவோஹான். நாளுக்கு ஒன்றாக, அரை லிட்டர் கொதிநீரில் ஒரு கரண்டி இலையிட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்துக் குடித்தேன். வறுத்த வாசனையும் சற்றே கரியின் கசப்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விலையோ ஒன்றுக்கொன்று மும்மடங்கு வேறுபடுகிறது. இந்தப் பெயர்கள் உண்மையிலேயே சுவை வேறுபாட்டைக் குறிக்கின்றனவா, அல்லது விற்பனைக்காகச் சூட்டப்பட்டவையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நாக்கின் மேல் குற்றமில்லை. நான்கு நாளும் நீங்கள் குடித்தது நெருப்பின் சுவையை. அது நான்கு பொட்டலத்திலும் இருந்ததால் நான்கும் ஒன்றாகவே தெரிந்தன.

ஃபூஜியன் மாகாணத்தின் வடக்கே உள்ள வூயி மலையில், ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் பறிக்கும் இலையை வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்கி விளிம்புகளைக் கன்றவைத்து, இலை ஓரளவு சிவந்ததும் சூட்டில் வதக்கி அந்த மாற்றத்தை நிறுத்தி, உருட்டி உலர்த்துவார்கள். அதற்குப் பின்தான் இந்தத் தேயிலைக்கே உரிய கரிச்சூடு வருகிறது. கனன்ற கரியைச் சாம்பலால் மூடி, அதன்மேல் மூங்கில் கூடையில் இலையைப் பரப்பி, மணிக்கணக்கில், இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறைகூட வாட்டுவார்கள். இதில் புகை ஏறினால் அது பிழை. (புகைமணம் வேண்டுவோருக்கு அதே மலைத்தொடரின் தோங்மு பகுதியில் பைன் விறகுப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூசோங் இருக்கிறது, அது வேறு சாதி.) புதிதாகச் சூடேற்றிய இலையில் இந்த நெருப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கும்; அது இறங்கச் சில மாதங்களாவது வேண்டும். நானே ஒரு முறை, அண்மையில் சூடேற்றிய ரோ குய்யையும் ஓராண்டு ஓய்ந்த ஷுய் ஷியெனையும் அருகருகே வைத்துக் குடித்துவிட்டு, முன்னது முரட்டுத்தனமானது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அடுத்த ஆண்டு அதே ரோ குய்யின் மிச்சத்தைக் குடித்தபோது அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே பெயர்கள் பொய்யல்ல. ஆனால் அவை ஒரே தளத்தில் நிற்பவையும் அல்ல. ரோ குய், ஷுய் ஷியென், தியே லுவோஹான் மூன்றும் செடி வகைகள். தா ஹோங் பாவ் என்ற பெயரிலும் தனிச்செடி உண்டு. ஜியூலோங்கே பள்ளத்தாக்கின் பாறைச்சுவரில் நிற்கும் அதன் ஆறு தாய்ச்செடிகளிலிருந்து இலை பறிப்பது 2006-இல் நிறுத்தப்பட்டது. கடையில் அந்தப் பெயரோடு கிடைப்பது பெரும்பாலும் பல வகைகளைக் கலந்து செய்த கலவையே. நல்ல கலவை நல்ல தேநீர்தான். ஆனால் வகைகளை வேறுபடுத்திப் பழகுபவருக்கு அதனால் பயனில்லை. அதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

விலை வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் இடம். செம்மணற்பாறைகளுக்கு நடுவே, வெயில் குறைந்து ஈரம் நிற்கும் இடுக்குகளில் விளைவதற்கு ஒரு விலை. மலைக்கு வெளியே ஆற்றங்கரைச் சமவெளியில் விளைவதற்கு வேறு விலை. நியூலான்கெங் என்ற பள்ளத்தின் ரோ குய்யை அங்குள்ளோர் விளையாட்டாக ‘மாட்டிறைச்சி’ என்றும், குதிரைத்தலைப் பாறையில் விளைவதைக் ‘குதிரையிறைச்சி’ என்றும் சுருக்கிச் சொல்வார்கள். ‘ரோ’ என்ற சீனச் சொல்லுக்கு இறைச்சி என்றும் பொருள். இப்பெயர்களுக்காகப் பணம் கொடுக்கும் கட்டத்தில் நீங்கள் இன்னும் இல்லை என்பது என் எண்ணம்.

ரோ குய்யையும் ஷுய் ஷியெனையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மணத்தில் ரோ குய்யை மிஞ்ச முடியாது, செறிவில் ஷுய் ஷியெனை மிஞ்ச முடியாது’ என்பது அம்மலையின் வழக்கு. ஒரே அளவான, மூடியுள்ள இரண்டு பீங்கான் கிண்ணங்களில், 110 மில்லி நீருக்கு 5 கிராம் இலை என்று நிறுத்துப் போடுங்கள்; நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். முதல் முறை 2 நிமிடம், அடுத்து 3, அதற்கடுத்து 5 நிமிடம் ஊறவிடுவது சீனத் தேயிலைத் தேர்வாளர்களின் முறை. குடிக்கும் சுகத்துக்கு இது கடுமையானது. ஆனால் இலை எதையும் ஒளிக்க முடியாது. ஊறும்போதே மூடியை எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆறிய பிறகு மறுபடியும் முகருங்கள். சூடான மூடியில் முதலில் நெருப்பே வரும். ஆறிய மூடியில் தங்குவதுதான் செடியின் மணம்.

ரோ குய் என்ற பெயருக்கே இலவங்கப்பட்டை என்று பொருள். அந்தக் காரம் மூக்கில் ஏறி, நாக்கின் நடுவில் சுருக்கென்று நிற்கும். ஷுய் ஷியெனின் மணம் தணிந்தது. அதன் வேறுபாட்டை மூக்கைவிட வாய் நன்றாக அறியும். அதன் நீர் கஞ்சித் தெளிவைப் போல் வழவழப்பாக இறங்கும். அறுபது ஆண்டு கடந்த முதுசெடிகளின் இலையாக இருந்தால் ஈரமரத்தின், பாசியின் வாசம் சேரும். இரண்டிலுமே, நெல்லிக்காய் தின்றபின் நீர் குடித்தாற்போல, விழுங்கிச் சற்று நேரம் கழித்து அடித்தொண்டையில் ஓர் இனிப்பு திரும்ப வரவேண்டும். கசப்பு வந்து அது இனிப்பாக மாறாமல் நாக்கிலேயே தங்கிவிட்டால், சூடு மிஞ்சிப்போன இலை என்று ஐயப்படலாம். மூன்றாவது ஊறலுக்குப் பின் இலையைத் தட்டில் விரித்துப் பாருங்கள்: அளவாகச் சூடேறியது விரிந்து, ஓரம் சிவந்து காணும், கருகியது சுருண்டபடியே கிடக்கும்.

தியே லுவோஹானின் மீதத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஆறு மாதம் மறந்துவிடுங்கள். பிறகு இதே இரண்டு கிண்ணங்களில், ரோ குய்க்கு அருகில் வைத்து ஊற்றிப் பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.