ரயில்பாதையும் நாட்குறிப்புகளும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காபரோ நூலகத்தில் பியர் பேர்ட்டனின் 'தி லாஸ்ட் ஸ்பைக்' எடுத்து வாசித்தேன். கனடியப் பசிபிக் ரயில்பாதை போட்ட கதை. நாவல் போல ஓடியது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் மகளிடம் சொன்னால், "அப்பா, அது பழைய ஆட்களின் வரலாறு, இப்ப ஒருத்தரும் அதை வாசிக்கிறதில்லை" என்கிறாள். இந்த வகை எழுத்து ஒரு காலத்தில் ஏன் இவ்வளவு பேரை இழுத்தது? இப்போது எப்படி மாறியிருக்கிறது? 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழரைப் பற்றி இப்படியொரு நூல் எழுத எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஆசை. எங்கே தொடங்குவது?

எஸ்., ஸ்காபரோ

அன்புள்ள எஸ்.,

மகள் சொன்னதில் பாதி சரி. அது பழைய ஆட்களின் வரலாறுதான். ஆனால் ஒருவரும் வாசிப்பதில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கையில் அது நாவல் போல ஓடியதே, அதற்குக் காரணம் இருக்கிறது.

பேர்ட்டன் பேராசிரியர் அல்ல. 1920இல் யூக்கோன் பிரதேசத்து வைட்ஹோர்ஸில் பிறந்து, தங்க வேட்டை ஓய்ந்த டோசன் நகரில் வளர்ந்தவர். வன்கூவரில் நாளிதழ் வேலை, பிறகு ரொறன்ரோவில் 'மக்லீன்ஸ்' இதழில் நிர்வாக ஆசிரியர். ஒரு சட்டத்தையோ விதியையோ கண்டால், அது ஒரு மனிதனின் முதுகில் எப்படி இறங்கியது என்று கேட்பது பத்திரிகைக்காரர் பழக்கம். தங்க வேட்டை பற்றி அவர் 1958இல் எழுதிய நூலின் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். சில்கூட் கணவாய் உச்சியில் நின்ற வடமேற்குக் குதிரைப் பொலிஸ், ஓராண்டுக்கான உணவும் சாமானும் இல்லாதவரை உள்ளே விடவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு அது ஒரு வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உணவும் கருவிகளுமாக ஏறக்குறைய 2,000 இறாத்தல். ஒருவன் ஒரு தடவையில் 50 இறாத்தல் சுமந்தால், பனியில் வெட்டிய படிகளில் 40 தடவை ஏற வேண்டும். ஏறியவன் சுமையை உச்சியில் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கி, திரும்பவும் வரிசையில் நிற்பான். வாசகரைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பெருக்கல் கணக்குதான். உணர்ச்சி வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று, ஆவணத்தை அப்படியே பேசவிடுவது. 1872 தேர்தலின்போது பிரதமர் ஜான் மக்டொனால்ட், ரயில் ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தவர்களின் வழக்கறிஞருக்கு ஒரு தந்தி அடித்தார்: இன்னும் பத்தாயிரம் வேண்டும், கேட்பது இதுவே கடைசித் தடவை, கைவிட்டுவிடாதீர்கள், இன்றே பதில் தாருங்கள். அடுத்த ஆண்டு அது எதிர்க்கட்சிப் பத்திரிகைகளில் வெளிவந்து, நவம்பரில் அரசாங்கம் விழுந்தது. அந்தத் தந்தியை விளக்குவதற்காக நாலு பக்கம் எழுதுகிறவர் அதைக் கெடுத்துவிடுவார். எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டு நகர்வதுதான் கை தேர்ந்தவர் செய்வது.

காலமும் அவருக்கு வாய்த்தது. 1967இல் நாடு நூற்றாண்டு கொண்டாடியது. மொன்றியலில் உலகக் கண்காட்சி. அமெரிக்கப் புத்தகமும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் நிறைந்திருந்த நேரத்தில் நமக்கென்று ஒரு பெரிய கதை வேண்டும் என்ற பசி இருந்தது. ரயில் பற்றிய அவருடைய இரு நூல்களும் 1970, 1971இல் வந்தன. 1974இல் கனடிய அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி அவற்றைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. முன்பும் இந்த வகை எழுத்து இருந்தது. 1914 முதல் 1916 வரை 32 சிறு தொகுதிகளாக வந்த 'க்ரோனிக்கிள்ஸ் ஒஃப் கனடா' வரிசை பொதுவாசகருக்கென்றே எழுதப்பட்டது. பிரெஞ்சு மொழியில் கதை இன்னும் பழையது. பிரெஞ்சுக் கனடியர் வரலாறோ இலக்கியமோ இல்லாத மக்கள் என்று பிரிட்டிஷ் ஆளுநராக வந்த டர்ஹம் பிரபு 1839 அறிக்கையில் எழுதினார். அதற்குப் பதில் போல, பிரான்சுவா-சேவியே கார்னோ 1845இல் தம் கனடா வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டார். கியூபெக்கின் வெகுஜன வரலாற்றில் இன்றுவரை அந்தச் சூடு உண்டு.

மாற்றத்துக்கு வருகிறேன். அதைப் பார்க்க ஒரே ஒரு மாதம் போதும்: 1885 நவம்பர்.

நவம்பர் 7, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரெய்கலாக்கி. ரயில் நிறுவன இயக்குநர்களில் ஒருவரான வெள்ளைத் தாடி டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடிக்கிறார். முதல் ஆணி வளைந்துவிடுகிறது. பிடுங்கிவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். தங்க ஆணி அல்ல, சாதாரண இரும்பு. பேசச் சொன்னபோது நிறுவனத்தின் பொது மேலாளர் வான் ஹோர்ன் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: வேலை எல்லா வகையிலும் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. இந்த நாள்தான் பேர்ட்டன் நூலின் உச்சம்.

நவம்பர் 16, ரெஜைனா. பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெத்தி மக்களின் தலைவர் லூயி ரியேல் தூக்கிலிடப்படுகிறார். அவர் தலைமையில் நடந்த எழுச்சியை அடக்கப் படை போனது இதே அரைகுறை ரயில்பாதையில்தான். நவம்பர் 27, பாட்டில்ஃபோர்ட். பழங்குடி ஆண்கள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்படுகிறார்கள். இவற்றோடு, அதே ஆண்டு கோடையில் நிறைவேறிய சட்டம் சீனக் குடியேறிகள் மேல் தலைக்கு 50 டொலர் வரி போட்டது. 1903இல் அது 500 டொலர் ஆனது. மலைப்பகுதிப் பாதையை வெட்டப் பல்லாயிரம் சீனத் தொழிலாளர் வந்திருந்தார்கள். கடைசி ஆணி அடித்தபோது எடுத்த கிரெய்கலாக்கிப் படத்தில் ஒரு சீனர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

பேர்ட்டன் இவற்றை மறைத்தார் என்று சொன்னால் அது அநியாயம். சீனர்களைப் பற்றியும் ரியேல் எழுச்சி பற்றியும் அந்த நூலிலேயே இருக்கிறது. ஆனால் அவை பாதை போட்ட கதைக்குள் வரும் பகுதிகள். 2003இல் நூலாக வந்த செஸ்டர் பிரவுனின் சித்திரக்கதையில் ரியேல் நடுவில் வருகிறார், ரயில்பாதை ஓரத்துக்குப் போகிறது. 2013இல் ஜேம்ஸ் டாஷுக் எழுதிய 'க்ளியரிங் த ப்ளெய்ன்ஸ்', சமவெளியில் பட்டினி கிடந்த பழங்குடியினருக்கு உணவு கொடுக்காமல் இழுத்தடித்து, அவர்களை ஒதுக்கிய நிலங்களுக்குள் தள்ளி ரயில் வரும் வழியைக் காலிசெய்ததைச் சொல்கிறது. பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட, அடிக்குறிப்பு நிறைந்த நூல் அது. அதைப் பொதுமக்கள் தேடி வாங்கினார்கள். 1970களில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இது வெறும் அரசியல் சரிநிலை மாறியதால் வந்ததென்று நான் நினைக்கவில்லை. அடியில் கிடப்பது மூல ஆவணப் பிரச்சினை. வெகுஜன வரலாற்றின் நாயகர் யார் என்பதைப் பெரும்பாலும் எழுத்தாளர் தீர்மானிப்பதில்லை. நாட்குறிப்பும் கடிதமும் விட்டுப்போனவர்தான் நாயகர் ஆகிறார். வான் ஹோர்ன் என்ன சொன்னார், ஸ்மித் எப்படி நின்றார் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் காகிதம் உண்டு. ஃபிரேசர் பள்ளத்தாக்கில் வெடிமருந்தில் செத்த கூலியாளுக்கு அது கிடையாது. 2000, 2001இல் சிபிசி 17 பகுதிகளாக ஒளிபரப்பிய 'கனடா: எ பீப்பிள்ஸ் ஹிஸ்டரி' தொடரில் அந்தந்தக் காலத்து மனிதர்களே கமெராவைப் பார்த்துப் பேசுவார்கள், வசனம் ஆவணங்களிலிருந்து எடுத்தது. நேர்மையான முறை, ஆனால் எழுதி வைக்காதவர் அங்கேயும் வாய் திறக்க முடியாது. டாஷுக் செய்தது, உணவுப் பங்கீட்டுக் கணக்கு, மருத்துவ அறிக்கை போன்ற வேறு வகைக் காகிதங்களுக்குள் போனது.

காகிதமே இல்லாத இடத்தில் வாய்மொழி. இதற்கு ஃபிராங்க்ளின் பயணத்தை விடச் சிறந்த சாட்சி இல்லை. ஃபிராங்க்ளின் தலைமையில் 1845இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஆர்க்டிக்கில் தொலைந்த அந்தக் கப்பல்காரர்கள் கடைசியில் நரமாமிசம் தின்றார்கள் என்று ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் மக்கள் சொன்னதை ஆய்வுப் பயணி ஜான் ரே 1854இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சார்ல்ஸ் டிக்கென்ஸ் தம் பத்திரிகையிலேயே இனுயிட் சாட்சியத்தை இழிவாக எழுதித் தள்ளினார். 2014இல் அந்தப் பயணத்தின் 'எரெபஸ்' கப்பல் கிடைத்தது, இனுயிட் வாய்மொழி சுட்டிய பகுதிக் கடலுக்கு அடியில். அதற்கு முன்பே, 1997இல் டெல்கமூக் என்ற நில உரிமை வழக்கில், பழங்குடியினரின் வாய்மொழி வரலாற்றையும் சான்றாக எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி உங்கள் நூல். நீங்கள் எடுத்திருப்பதும் காகிதம் குறைந்த, வாய்மொழி நிறைந்த கதை. இங்கே வழக்கமாகக் கெடுவது எதுவென்றால், பாத்திரங்களின் தலைக்குள் புகுவது. "கடலைப் பார்த்தபோது அவன் அம்மாவை நினைத்தான்" என்று எழுத வேண்டுமானால், அவரே அப்படிச் சொன்ன பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். பேர்ட்டன் 1812 போர் நூல்களை நிகழ்காலத்தில் எழுதினார், வேகம் வந்தது. ஆனால் நிகழ்காலத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு இடம் சுருங்கிவிடும். சான்றுகள் முரண்படுகிற உங்கள் கதைக்கு அது ஆகாது. செஸ்டர் பிரவுனிடம் கற்க ஒன்று உண்டு: எங்கே நிகழ்வுகளைச் சுருக்கினேன், எங்கே இணைத்தேன் என்று நூலின் பின்குறிப்பில் அவரே சொல்லிவிடுவார். பக்கத்தில் எண் போட்டு வாசிப்பை மறிக்காமல், கடைசியில் பக்க எண்ணும் வரியின் முதற்சொற்களும் கொடுத்து மூலத்தைச் சொல்லுங்கள்.

1986 ஆகஸ்ட் 11. இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர். மீன்பிடிப் படகுத் தலைவர் கஸ் டால்ட்டன் பனிமூட்டத்தில் அவர்களைக் கண்டார். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்னார்கள். உண்மையில் 'ஔரிகே' என்ற கப்பல் அவர்களை மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்தது. இதை நம்மவர் எழுதும்போது மெதுவாகத் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள், யார் சொல்லச் சொன்னது, அடுத்த நாட்களில் கனடியப் பத்திரிகைகள் எப்படித் திரும்பின என்பதில்தான் புத்தகத்தின் முதுகெலும்பு இருக்கிறது.

வயதில் மூத்தவர்களிடம் முதலில் போங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், இத்தனை ஆண்டுகளில் பலமுறை சொல்லிப் பழகிய கதைதான் வரும். என்ன உடுத்திருந்தீர்கள், குடிக்கத் தண்ணீர் எதில் இருந்தது, படகில் இடப்பக்கம் யார் என்று கேளுங்கள். ஒருவரிடம் இரண்டு தடவை, சில வாரம் விட்டு. வந்தவர்கள் பலர் ஒரே வீட்டில் கூடியிருக்கும்போது பதிவு செய்யாதீர்கள். ஒருவர் நினைவு மற்றவருக்குள் போய்விடும். ஒரு மணிநேரப் பதிவை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணிநேரம் பிடிக்கும், ஆகவே அன்றன்றைக்கே இறக்கிவிடுங்கள். பெயர் போடலாமா என்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குவது கட்டாயம்.

காகிதத்துக்கு: சென்ட் ஜோன்ஸில் 'த ரூம்ஸ்' கட்டடத்திலுள்ள மாகாண ஆவணக்காப்பகம், அந்த ஆகஸ்ட் மாத நாளிதழ்கள், ஒட்டாவாவின் நூலக ஆவணக் காப்பகம். கூட்டாட்சி அரசின் கோப்புகளுக்குத் தகவல் அறியும் சட்டப்படி விண்ணப்பிக்க 5 டொலர்தான். ஆனால் தனிமனிதர் விபரங்களை மறைத்துத்தான் தருவார்கள், காலமும் இழுக்கும். அதனால் அதை முதல் மாதமே அனுப்பிவிடுங்கள். படங்களில் கவனம்: கனடாவில் 1949க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, கிரெய்கலாக்கிப் படத்தை யாரும் அச்சிடலாம். 1986 படங்களுக்கு அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் அனுமதி, பெரும்பாலும் காசு. அட்டைக்கு ஒன்று, உள்ளே ஏழெட்டு என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பத்திரிகைகளோடு நின்றுவிட வேண்டாம். கப்பல் கிளம்பிய இடத்துச் செய்தி ஜெர்மன் நாளிதழ்களில்தான் கிடக்கும். ஜெர்மனியில் உறவினர் இல்லாத ஈழத்துக் குடும்பம் குறைவு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவரைப் பிடித்து இந்த வேலையைக் கொடுங்கள்.