மணிக்கட்டில் ஓர் அதிர்வு

கேள்வி: என் வகுப்பில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ள பதினொரு வயது மாணவன் ஒருவன் இருக்கிறான். கணக்குப் போடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பென்சிலை மேசையில் உருட்ட ஆரம்பித்துவிடுகிறான். ஒரு பாடவேளையில் பத்து முறையாவது அவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருக்கிறது. அவனுக்கு வெட்கம், எனக்குச் சலிப்பு. அதிரும் கைக்கடிகாரமும் ஒரு செயலியும் இருந்தால் அவனே தன்னைக் கவனித்துக் குறித்துக்கொள்வான் என்கிறார்கள். இது பலன் தருமா? அவன் பொய்யாகக் குறித்தால் என்ன செய்வது?

பதில்: பலன் தரக்கூடிய முறைதான், கருவி புதிதே தவிர, முறை பழையது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாடத்தில் ஈடுபட்டிருந்தால் கூட்டல் குறியும் இல்லையென்றால் கழித்தல் குறியுமாக ஒரு துண்டுத்தாளில் தானே போட்டுக்கொண்டு வந்ததில், அவள் ஈடுபட்டிருந்த நேரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 80-ஐ நெருங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் ஒலிநாடாவில் விட்டுவிட்டு வரும் ஓசையைக் கேட்டதும் 'நான் கவனித்துக்கொண்டிருந்தேனா?' என்று தம்மையே கேட்டுக் குறித்துக்கொள்ளப் பழக்கப்பட்டார்கள். உங்கள் கடிகாரம் அந்த ஒலிநாடாவின் வேலையைத்தான் பக்கத்து இருக்கைக்குக்கூடத் தெரியாமல் செய்யப்போகிறது. (பதின்வயதை எட்டும் பிள்ளைக்கு இந்த மறைவு நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.)

'ஒழுங்காக இருந்தேனா' என்ற கேள்விக்கு எந்தக் குழந்தையாலும் விடை குறிக்க முடியாது. 'எழுதிக்கொண்டிருந்தேன், கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன் அல்லது கை உயர்த்தி உதவி கேட்டேன்' என்று கண்ணால் காணக்கூடியவற்றைச் சொல்லி, நீங்களே நடித்துக் காட்டி, எது 'ஆம்', எது 'இல்லை' என்று அவனையே தீர்ப்புச் சொல்ல வையுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நாள், அவன் தொடர்ந்து எத்தனை நிமிடம் வேலையில் இருக்கிறான் என்று பாருங்கள். அது நான்கு நிமிடம் என்றால் அதிர்வு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வரட்டும். அப்போதுதான் தொடக்க நாள்களில் அவன் 'ஆம்' என்று குறிக்க வாய்ப்பு அதிகம். பழகியபின் இடைவெளியை ஐந்தாக, பத்தாக நீட்டி, இறுதியில் கடிகாரத்தைக் கழற்றிவிடலாம்.

பொய்யாகக் குறிப்பது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் வாரம் நீங்களும் ஒரு தாளில் குறித்துவந்து, பாடவேளை முடிவில் இரண்டையும் அருகருகே வையுங்கள். இருவரும் 'இல்லை' என்று குறித்த இடத்திலும், ஒத்துப்போனதற்காகப் பாராட்டுங்கள்; உண்மையைக் குறிப்பதில் நட்டமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். குறிப்பில் பிழை இருந்தபோதும் நடத்தை மேம்பட்டதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஏனெனில் குறிப்பதற்காக ஒரு கணம் நின்று தன்னைப் பார்ப்பதுதான் மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது. இதனாலேயே, 'இல்லை' என்ற குறியைக் காட்டி அவனை ஒரு முறைகூடக் கண்டிக்காதீர்கள். கண்டித்த நாளிலிருந்து அந்தக் கடிகாரம் உங்கள் ஒற்றனாகிவிடும்.

கணக்கே புரியாமல்தான் பென்சிலை உருட்டுகிறான் என்றால் இவை எதுவும் உதவாது. முதலில் கணக்கைக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத, அறிவுசார் குறைபாடுள்ள மாணவிக்கும் இது இயலுமா?

பதில்: இயலும். அவள் வேலை செய்யும்போது எடுத்த படம் ஒன்று, எழுந்து நடக்கும்போது எடுத்த படம் ஒன்று என இரண்டை மட்டும் டேப்லெட் திரையில் வைத்து, எது தன் நிலையோ அதைத் தொடச் சொல்லுங்கள். மற்ற செயலிகள் திறக்காதபடி பூட்டிவையுங்கள். தொடுஉணர்வு மிகுந்த பிள்ளைகளுக்கு அதிர்வு துன்பமாகலாம்; அவர்களுக்குத் திரை ஒளிர்ந்தாலே போதும். வாரக் கடைசியில் செயலி காட்டும் வரைபடத்தை முதலில் அவளே பார்க்கட்டும். ஒவ்வொரு பட்டையையும் விரலால் தொட்டு எண்ணட்டும். பெற்றோருக்கு அனுப்புவது அதன் பிறகு.