பழைய காணி பிளானில் உள்ள செயின், லிங்க் அளவுகளை மீட்டருக்கு மாற்றுவது எப்படி?

செயின் என்பது நில அளவையாளர் காணியில் இழுத்துப் பிடித்து அளந்த இரும்புச் சங்கிலி. நீளம் 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். அதில் 100 கண்ணிகள் இருக்கும். ஒரு கண்ணிதான் லிங்க், 20.12 சென்ரிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

கணக்கு இவ்வளவுதான்: லிங்கை 0.2012ஆல் பெருக்குங்கள். வெள்ளவத்தைக் காணியொன்றின் முகப்பு 50 லிங்க் என்றால் 10.06 மீட்டர்.

அதென்ன 66 அடி என்று ஒரு விநோதக் கணக்கு? 1620 அளவில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் யோசித்து வைத்தது அது. பத்துச் சதுரச் செயின் சரியாக ஓர் ஏக்கர். நீள அகலத்தை லிங்கில் பெருக்கி, புள்ளியை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளினால் ஏக்கர் வந்துவிடும். கல்குலேட்டர் இல்லாத காலத்தில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

ஒரு செயின் எவ்வளவு தூரம் என்று பார்க்க ஆசையா? கிரிக்கெட் பிட்சில் விக்கெட்டுக்கு விக்கெட் 22 யார். அதே 66 அடி.

பலர் தடுமாறுவது பேர்ச்சில். பழைய நீள அளவில் ஒரு பேர்ச் 25 லிங்க், 5.03 மீட்டர். கொழும்பில் 'பத்து பேர்ச் காணி' என்பது பரப்பளவு: ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், பத்து சுமார் 253 (யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு). அதை 5.03ஆல் பெருக்கிக் காணியின் நீளம் என்று எடுக்க முடியாது.