டர்ட் பைக் பிள்ளைகளும் பேக் ப்ரொடெக்டரும்: வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறைப் பயிற்சி தொடங்கும் நேரம் என்பதால் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை முதுகுக் கவசம் பற்றியே வந்திருக்கின்றன. மண் ட்ராக்கில் டர்ட் பைக் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டிவிடுவதும் அங்கே அவர்களோடு நிற்பதும்தான் என் வேலை. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் பையனுக்குப் பத்து வயது. கவாசாகி கே.எல்.எக்ஸ். 110-ல் பயிற்சி எடுக்கிறான். பேக் ப்ரொடெக்டர் விலை அதிகம், அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்கிறார் அவன் அப்பா. யூனிஃபார்ம் அப்படித்தானே எடுக்கிறோம்?
— ஒரு தாய், பொள்ளாச்சி

பெரிய சைஸ் வேண்டவே வேண்டாம் அம்மா. யூனிஃபார்ம் தொளதொளவென்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பேக் ப்ரொடெக்டர் பெரிதாக இருந்தால் அது தன் வேலையையே செய்யாது. பையன் சீட்டில் உட்கார்ந்ததும் அதன் அடிப்பக்கம் சீட்டில் முட்டி, தகடு மேலே ஏறும். மேல் முனை ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இடிக்கும். தலையை நிமிர்த்த முடியாததால் முன்னால் வரும் மேட்டைப் பார்க்காமல் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணையே பார்த்து ஓட்டுவான். விழும்போது இன்னும் மோசம். கவசம் முதலில் நகர்ந்துவிடும், அடி அதற்குப் பிறகுதான் விழும்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். தையல்காரர் டேப் போதும். பனியனோடு நேராக நிற்கச் சொல்லுங்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரை அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட் போட்டிருக்கும் இடம் இடுப்பு அல்ல. இரண்டு பக்கமும் கை வைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே. முறையான கவசத்தின் லேபிளில் பைக் ஓட்டும் உருவப்படம் இருக்கும், அங்கேயே இந்த அளவு இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று அச்சிட்டிருப்பார்கள். வயதைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்கள் எப்படி வேறு வேறாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உயரம் மட்டும் பார்த்தாலும் சில நேரம் தப்பாகும். கால் நீண்ட பையனுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம்.

அப்புறம், கடைக்கு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் எடுத்துப் போங்கள். நெக் பிரேஸ் (கழுத்தைச் சுற்றிப் போடும் கவசம்) போடுகிறான் என்றால் அதையும். கண்ணாடி முன் நேராக நிற்க வைத்துப் பார்த்தால் எல்லாக் கவசமும் பொருத்தமாகத்தான் தெரியும். பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபுட் பெக்கில் (கால் வைக்கும் கம்பியில்) எழுந்து நின்று, முழங்கையை விரித்து, தலையைத் தூக்கி ஓட்டும் நிலைக்கு வரச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஹெல்மெட் முதுகுத் தகட்டில் இடிக்கக்கூடாது. குனிந்தாலும் திரும்பினாலும் தகடு முதுகோடு ஒட்டியே வர வேண்டும். கீழே வால் எலும்புப் பக்கம் வரை இறங்கலாம், உட்கார்ந்தால் சீட்டைத் தொடக்கூடாது. இடுப்புப் பெல்ட்டுக்குள் உங்கள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம். மடக்கிய கை நுழைந்தால் லூஸ். கடைசியாக, தகட்டின் அடியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். சட்டென்று தோள் வரை ஏறினால் அந்தச் சைஸ் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் செலவும் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. தோள் பட்டையை ஏற்றி இறக்கக்கூடிய மாடலாகப் பாருங்கள். லேபிளில் உள்ள அளவு வரம்பின் கீழ்ப் பாதியில் பையனின் அளவு விழுகிறதா என்றும் பாருங்கள். இன்றைக்கும் சரியாக உட்காரும், வளரவும் இடம் இருக்கும். பள்ளி திறக்கும்போது ஒருமுறை, அரையாண்டு லீவில் ஒருமுறை டேப் பிடித்தால் போதும்.

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. இதைப் போட்டால் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று மகன் சொல்கிறான். நம்பலாமா?
— ஒரு தாத்தா, திருப்பூர்

முழுதாக நம்பாதீர்கள் ஐயா. கவசம் தாங்குவது நேராக விழும் அடியை: கல், மரவேர், பின்னால் வரும் பைக்கின் ஹேண்டில்பார், ஃபுட் பெக். இந்த அடிகள் மோட்டோகிராஸ் என்னும் மண் தட பைக் பந்தயத்தில் சாதாரணமாக நடப்பவை, அதனால் கவசம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் ட்ராக்கில் இறக்கமாட்டேன். ஆனால் முதுகெலும்பு உடைவது பெரும்பாலும் வேறு விதத்தில். உயரத்திலிருந்து தட்டையான தரையில் தப்பாக இறங்கும்போது உடலின் பாரம் மேலிருந்து கீழாக எலும்பை நசுக்கும். தலைகுப்புற விழும்போது முதுகு அளவுக்கு மீறி மடங்கும். முதுகின் மேல் வைத்த தகடு இந்த இரண்டையும் பெரிதாகத் தடுக்காது.

பாலைவனத்தில் பல நாள் நடக்கும் டக்கார் ராலி பந்தயத்தில் 2021 முதல் பைக் வீரர்களுக்கு, விழும்போது காற்று நிரம்பும் ஏர்பேக் கவசம் கட்டாயமானது. அதே ஆண்டு நான்காம் கட்டத்தில் நம் பெங்களூரு பைக் வீரர் சி.எஸ். சந்தோஷ் விழுந்தார். தலையில் பட்ட அடிக்கு அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்துச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. மீண்டு வந்தார் என்பது நமக்கெல்லாம் நிம்மதி. அத்தனை அனுபவமும் அத்தனை கவசமும் இருந்தவருக்கே இந்த நிலை. ஆகவே பேரன் எந்த ஜம்ப்பைத் தாண்டலாம், எதை இன்னும் சுற்றிப் போகவேண்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். புதுக் கவசம் வந்துவிட்டது என்பது பெரிய ஜம்ப்புக்கு அனுமதி ஆகாது.

இன்னொன்றை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பேரன் விழுந்து முதுகு வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் பாசத்தில் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தக்கூடாது. மூச்சு சரியாக இருக்கும்வரை ஹெல்மெட்டையும் கவசத்தையும் கழற்ற வேண்டாம். தலை அசையாமல் இருபுறமும் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் மஞ்சள் கொடி காட்டிப் பின்னால் வரும் பைக்குகளைத் தடுக்க, 108-க்குப் போன் போட வேண்டும். ட்ராக்கில் நான் மிகவும் பயப்படுவது அந்தப் பாசத்துக்குத்தான்.

கடையில் எல்லாவற்றையும் 'சி.ஈ. இருக்கு' என்று சொல்லி விற்கிறார்கள். லெவல் 1, லெவல் 2 என்றால் என்ன? எங்கள் ஊர்க் குளிரில் காலையில் கவசம் கட்டையாகிவிடுகிறதே?
— ஒரு தந்தை, உதகமண்டலம்

சி.ஈ. என்பது ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் குறி. அந்த இரண்டு எழுத்தோடு நிற்காதீர்கள். முதுகுக் கவசத்துக்கான ஐரோப்பியத் தர எண் இ.என். 1621-2. அது லேபிளில் இருக்க வேண்டும். 1621-1 என்றிருந்தால் அது தோள், முழங்கை, முழங்கால் பேடுக்கானது. இ.என். 14021 என்றிருந்தால் முன்னால் போகும் பைக் வாரி அடிக்கும் கல்லையும் மண்ணையும் தடுக்கும் பிளாஸ்டிக் கூடு. பிள்ளைகளுக்கு விற்கும் மலிவான 'பாடி ஆர்மர்' பலவும் இந்தக் கடைசி வகை. கல்லுக்கு நல்லது, விழுந்தால் முதுகுக்கு அது போதாது.

சோதனை எளிமையானது. 5 கிலோ எடையை, ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் கவசத்தின் மேல் மோதவிடுவார்கள். அது 50 ஜூல் அடி. மறுபக்கம் கடந்து போகும் விசை சராசரியாக 18 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9-க்குள் இருந்தால் லெவல் 2. அதாவது லெவல் 2-ல் முதுகுக்குப் போவது பாதிதான். ஒரே பொருத்தத்தில் இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் லெவல் 2 எடுங்கள். ஆனால் நழுவும் லெவல் 2-ஐ விட ஒட்டி உட்காரும் லெவல் 1-ஐத்தான் நான் பிள்ளைக்கு மாட்டிவிடுவேன்.

குளிரில் இறுகுவது மென்மையான ஃபோம் வகையின் இயல்பு. உடம்புச் சூட்டில் பத்து நிமிடத்தில் இளகி முதுகோடு படியும். அதனால் வார்ம்-அப்புக்கு முன்பே மாட்டிவிட்டு, இளகியதும் பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். லேபிளில் T- என்றிருந்தால் மைனஸ் 10 டிகிரியிலும், T+ என்றிருந்தால் 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். சமவெளியில் மே மாதம் ஓட்டுபவர்கள் இந்த T+ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாஸ்டர், எனக்கு 14 வயது. செஸ்ட் கார்டும் பேக் கார்டும் சேர்ந்த செட் போடுகிறேன். முன்பக்கம் அழுத்துவதால் பட்டையை லூஸாக விடுகிறேன். அப்போது பின்பக்கம் முதுகை விட்டு விலகி நிற்கிறது. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
— ஒரு மாணவி, ஓசூர்

கூச்சமே வேண்டாம் கண்ணு. குறை அந்தச் செட்டில்தான், உன்னிடம் இல்லை. ஒரே தட்டையான முன் தகடு வளரும் பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மார்புக் கவசத்துக்கான இ.என். 1621-3 தரத்திலேயே இரண்டாகப் பிரிந்த தகடு வகையும் உண்டு. அப்படி ஒன்றைப் பார். இல்லையென்றால் முதுகுக்குத் தனியாக, அகலமான இடுப்புப் பெல்ட் வைத்த கவசம் வாங்கி ஜெர்சிக்கு உள்ளே போட்டுக்கொண்டு, மேலே லேசான செஸ்ட் கார்டை மாட்டலாம். இடுப்புப் பெல்ட்தான் பின் தகட்டைப் பிடித்து நிறுத்தும், முன் தகடு அழுத்தவேண்டிய தேவையே இருக்காது. இந்தப் பக்கத்தை அப்படியே அம்மாவிடம் காட்டு.

பழைய பேக் ப்ரொடெக்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

தெரிந்தவர் பிள்ளை போட்டது, எப்படி விழுந்தது என்று அவர்களே சொல்வார்கள் என்றால் வாங்கலாம். முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம். கையில் எடுத்ததும் உறையைத் திறந்து தகட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வெடிப்பு, ஃபோமில் அமுங்கி எழாத பள்ளம், பிடிப்பு போன வெல்க்ரோ, தேய்ந்து படிக்க முடியாத லேபிள் — இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். தேன்கூடு போன்ற அமைப்பு ஒரு பெரிய அடியில் நசுங்கினால் திரும்ப எழாது, அதை அப்போதே மாற்ற வேண்டும். வாங்கியதை உறை மட்டும் கழற்றி மிதமான சோப்பில் கையால் துவைத்து நிழலில் காயவையுங்கள். தகட்டை வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.