வேகமாகப் போனதாக செலான் வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேக அபராதம் குறித்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன: "போலீஸ் சொன்னால் கட்டித்தானே ஆக வேண்டும்?" இல்லை. குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆதாரத்தைக் கேட்பது உங்கள் உரிமை. இந்த வாரம் முக்கியமாக அதைப் பற்றிப் பேசுவோம்.

அண்ணா சாலையில் காரில் போனேன். யாரும் நிறுத்தவில்லை. பிறகு 74 கி.மீ. வேகம் என்று இ-செலான் வந்தது. நான் அவ்வளவு வேகமாகப் போகவில்லை. எப்படி மறுப்பது? (நந்தனம் வாசகர்)

"நான் போகவில்லை" என்ற வாதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு எதிராக நிற்பது ஒரு கருவி. கேள்வியும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 183(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. வேகமாகப் போனார் என்று ஒரே ஒரு சாட்சி தன் கணிப்பைச் சொன்னால் அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவீடு அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும்.

அந்தக் கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ, கேமராவானாலும் கையில் பிடிக்கும் ஸ்பீடு கன் ஆனாலும் அதற்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். செலானுடன் குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் காட்டும் தெளிவான படம், கருவி பதிவுசெய்த அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் ஆகியவை இருக்க வேண்டும். இந்தச் சான்றிதழுக்கு முன்பு அடிப்படையாக இருந்தது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. இது கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளுக்கு 2025 ஜூலை முதல் எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிடுவதும் அவசியமாகிவிட்டது.

இப்போது செலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வண்டி மட்டும்தான் இருக்கிறதா, பக்கத்துத் தடத்தில் ஒரு மாநகரப் பேருந்தோ பைக்கோ முந்திக்கொண்டிருக்கிறதா? இரண்டு வண்டிகள் இருந்தால் 74 யாருடைய வேகம் என்பது நியாயமான கேள்வி. அடுத்து, வேக வரம்பாக என்ன எண் போட்டிருக்கிறார்கள்? 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வரம்புப்படி காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30. காருக்கு வந்த செலானில் இருசக்கர வாகனத்தின் வரம்பு இருந்தால், அதுவே உங்கள் முதல் ஆட்சேபம்.

படத்தையும் கருவியின் சான்றிதழையும் யாரிடம், எப்படிக் கேட்பது? (பெரம்பூர் வாசகி)

இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் கையாளுங்கள். செலான் வழங்கிய பிரிவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, வழக்கு முடியும் வரை பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்படிப் பாதுகாப்பது விதிப்படி அவர்கள் கடமைதான். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியும் அனுப்பலாம். 30 நாள்களில் பதில் வர வேண்டும்.

மனுவில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில். "எனக்கு ஏன் அபராதம் போட்டீர்கள்?" என்று கேட்பார்கள். காரணம் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும், ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "மேற்கண்ட செலானுக்குப் பயன்படுத்திய வேகக் கருவியின் வரிசை எண், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் நடைமுறையில் இருந்த அதன் ஒப்புதல் சான்றிதழ், சரிபார்ப்புச் சான்றிதழ், அசல் படம் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்."

வழக்கு நிலுவையில் இருப்பதாக, விசாரணைக்குத் தடையாகும் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால் சோர்ந்துவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கப் போதாது, தகவல் தருவது அதை எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத்சிங் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

எல்லையையும் கவனியுங்கள். கானாத்தூர், செம்மஞ்சேரி பக்கம் பிடிபட்டிருந்தால் அது தாம்பரம் ஆணையரகம். வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையரகத்துக்கு அனுப்பினால் வீணாக நாள் கழியும்.

மறுத்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? கால் டாக்சி ஓட்டுகிறேன், ஒரு நாள் போனாலும் நஷ்டம். (வேளச்சேரி வாசகர்)

இணையவழியில் செலான்களைக் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்தின் (விர்ச்சுவல் கோர்ட்) இணையதளத்தில் உங்கள் செலான் இருந்தால், அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வாய்ப்புகள் இருக்கும். எதிர்கொள்வதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நேரில் போக வேண்டிவரும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. தகவல் உரிமை பதிலுக்காக நீதிமன்றம் காத்திருக்காது. அதனால் அங்கேயும் ஆவணங்களைக் கேட்டு எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள்.

காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். தொகையை மட்டும் பார்த்தால் ஒரு நாள் வருமானத்தை விட மனம் வராதுதான். ஆனால் இரண்டாம் முறை சிக்கினால் லைசென்ஸையே பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். லைசென்ஸை நம்பிப் பிழைக்கும் நீங்கள், செய்யாத தவறை ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அன்றைய வேகப் பதிவை உடனே வாங்கி வையுங்கள்.

உண்மையில் வேகமாகத்தான் போனேன். பலகை இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா? (அடையாறு வாசகர்)

பலகை இல்லாவிட்டால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் என் கருத்தைக் கேட்டால், கட்டிவிடுங்கள்.

போன வருடம் விற்ற பைக்குக்கு என் பெயரில் செலான் வருகிறது. (தாம்பரம் வாசகர்)

ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. விற்றவர் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்பனை ரசீது, வாங்கியவரின் முகவரிச் சான்று இவற்றுடன் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள். ஓட்டியவர் யார் என்று கேட்டால் தெரிவிப்பது 133ஆவது பிரிவின்படி உங்கள் கடமையும்கூட. பெயர் மாற்றத்தை இன்றே தொடங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் செலான் வந்து, ஒரு செயலியை இறக்கச் சொல்கிறது. (அம்பத்தூர் வாசகி)

தொடாதீர்கள், அது மோசடி. அபராதம் கட்ட எந்தச் செயலிக் கோப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, நிஜமாகவே செலான் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தால் வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.