மகள் எல்லா விடைகளையும் மனப்பாடம் செய்தும் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைகிறது. மீதமுள்ள ஆறு வாரத்தில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதல் ப்ரீ-போர்டு தேர்வில், அதாவது பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி நடத்தும் ஒத்திகைத் தேர்வில், உங்கள் மகள் 80-க்கு 51 வாங்கியிருக்கிறாள் என்பது ஒன்று. பாடங்களின் இறுதியிலுள்ள வினாக்களுக்கு வகுப்பில் கொடுத்த விடைகளை அவள் வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணம் என்று சொன்னால் நீங்கள் வருத்தப்படக் கூடாது. நெல்லையில் 11 ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவன் நான். இந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தில் நானும் நோட்ஸ் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதத் தேர்வின் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது, 38 பிள்ளைகளும் என் வாக்கியங்களையே எழுதியிருந்தார்கள். நான் அவசரத்தில் கரும்பலகையில் விட்டிருந்த ஒரு பிழையையும் விடாமல் எழுதியிருந்தார்கள். அதைவிட மோசமான விஷயம், நான் கேட்டிருந்த கேள்வி வேறு, அவர்கள் எழுதியிருந்த விடை வேறு என்பதுதான்.

முதலில் வினாத்தாளை அவளுடன் உட்கார்ந்து பாருங்கள். 'ஆங்கில மொழியும் இலக்கியமும்' என்ற இந்தப் பாடத்தின் குறியீட்டு எண் 184. எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண். பள்ளியிலேயே தரும் அகமதிப்பீடு 20. எண்பதில், பாடத்துக்கு வெளியிலிருந்து தரப்படும் இரண்டு பத்திகளைப் படித்து விடையளிப்பது 20, இலக்கணம் 10, கடிதமும் பகுப்பாய்வுப் பத்தியும் ஐந்தைந்தாக 10, மீதி 40 முழுவதும் இலக்கியம். அந்த நாற்பதில் பாடவரிகளைக் கொடுத்துக் கேட்கும் வினாக்கள் 10, எழுத வேண்டிய மூன்று மதிப்பெண் குறுவினாக்கள் ஆறு, ஆறு மதிப்பெண் நெடுவினாக்கள் இரண்டு. இதில் 'ஃபர்ஸ்ட் ஃபிளைட்', 'ஃபுட்பிரின்ட்ஸ் விதவுட் ஃபீட்' என்ற இரண்டு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைப் படித்திருந்தால் கிடைக்கக்கூடிய பங்கு சரிபாதி. அந்தப் பாதியில்தான் உங்கள் மகள் இழந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

இப்போது வரும் வினாக்கள் பாடத்தில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நடந்தது எதைக் காட்டுகிறது என்று கேட்கின்றன. 'எ லெட்டர் டு காட்' பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆலங்கட்டி மழையில் பயிரை முற்றிலும் இழந்த லெஞ்சோ, கடவுளுக்குக் கடிதம் எழுதி 100 பெசோ கேட்கிறான். அஞ்சலக அதிகாரி தன் ஊழியர்களிடமும் நண்பர்களிடமும் திரட்டி 70 பெசோ அனுப்புகிறார். மீதியை அஞ்சலகத்தார் திருடிவிட்டார்கள் என்று லெஞ்சோ கடவுளுக்கு மறுகடிதம் எழுதுகிறான். லெஞ்சோ எவ்வளவு கேட்டான், எவ்வளவு கிடைத்தது என்பதற்கு மனப்பாட விடை உண்டு. ஆனால் 'அஞ்சலக அதிகாரி கதையின் முடிவில் வென்றாரா, தோற்றாரா?' என்று கேட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். லெஞ்சோவின் நம்பிக்கை உடையக் கூடாது என்பதற்காகத்தான் அவர் பணம் திரட்டினார். அந்த நம்பிக்கை உடையவில்லை, ஆகவே வென்றார். ஆனால் அதே நம்பிக்கைதான் அவருக்குத் திருடன் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது என்று 40, 50 சொற்களில் அவளாகவே எழுத வேண்டும். வென்றார் என்று எழுதினாலும் தோற்றார் என்று எழுதினாலும், கதையிலிருந்து சான்று காட்டினால் மதிப்பெண் கிடைக்கும். சி.பி.எஸ்.இ. ஒவ்வோராண்டும் மாதிரி வினாத்தாளோடு மதிப்பெண் வழிகாட்டியையும் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதைத் திறந்து பார்த்தீர்களானால், முழு விடைக்குப் பதிலாக, விடையில் இருக்க வேண்டிய கருத்துகள்தான் சிறு குறிப்புகளாக அதில் தரப்பட்டிருக்கும். திருத்துபவர் தேடுவது அந்தக் கருத்துகளைத்தான். கடையில் 300 ரூபாய் கொடுத்து வாங்கும் கைடைவிட இந்தச் சில பக்கங்கள் பயனுள்ளவை என்பது என் எண்ணம்.

மனப்பாடத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவர நான் கையாண்ட வழி ஒன்று உண்டு. அதை 'மேடம் ரைட்ஸ் த பஸ்' பாடத்தில் தொடங்குவது வழக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்காத செய்தி, அது தமிழ்க்கதையின் மொழிபெயர்ப்பு என்பது. எழுதியவர் ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணன். எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய ஊர் அது என்று சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எட்டு வயது வள்ளி மிட்டாயும் பலூனும் குடைராட்டினமும் வேண்டாம் என்று ஆசையை அடக்கி 60 பைசா சேர்க்கிறாள். போக 30, வர 30. அம்மா மதியம் கண்ணயரும் நேரத்தில் பேருந்து ஏறி ஆறு மைல் தூரத்திலுள்ள ஊருக்குப் போய்த் திரும்புகிறாள். போகும்போது வாலைத் தூக்கிக்கொண்டு பேருந்தின் முன்னால் ஓடிய மாட்டைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தவள், திரும்பும்போது அதே மாடு சாலையோரம் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள்.

இந்தக் கதையை உங்கள் மகளை முதலில் தமிழில், உங்களிடம், வாயால் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும். நடுவில் குறுக்கிட்டு, 'அந்தப் பெண்ணுக்கு ரோஷம் ஜாஸ்தி என்று எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். தன்னைக் குழந்தை என்று சொன்னதை அவள் மறுத்தது, எல்லோரையும் போலத் தானும் 30 பைசா கொடுத்திருப்பதாகச் சொன்னது, நடத்துநர் காசில்லாமல் குளிர்பானம் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றது ஆகிய மூன்றும் தமிழில் தானாக வந்து விழும். விழுந்த மூன்றையும் மூன்று சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதி, மேலே கேள்விக்கு நேரான ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், மூன்று மதிப்பெண் விடை முடிந்தது. அந்த ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பிழையில்லாத எளிய ஆங்கிலம், கைடிலிருந்து பாதி மறந்துபோய் ஒட்டுப்போட்ட அலங்கார ஆங்கிலத்தைவிட எப்போதும் அதிக மதிப்பெண் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் யோசிப்பது ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். யோசிக்காமல் எழுதுவதுதான் கெடுக்கிறது.

நெடுவினாக்களில் இரண்டு பாடங்களை இணைத்துக் கேட்கும் பழக்கமும் வந்திருக்கிறது. அதற்கு விடைகளைச் சேர்த்து வைக்க முடியாது; பாத்திரங்களைத்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பாத்திரங்களின் பெயரைச் சொல்லி, 'இவர்களுக்குள் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை?' என்று அவளிடம் கேளுங்கள். வள்ளியையும் 'த நெக்லஸ்' கதையின் மட்டில்டாவையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி 60 பைசாவுக்கு ஆசைகளை எல்லாம் அடக்குகிறாள்; மற்றவள், கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்த 400 ஃப்ராங்கில் உடை தைத்துக்கொண்டு, அதுவும் போதாமல் நகை இரவல் வாங்கித் தொலைத்து, ஈடுகட்டப் பத்து ஆண்டுகள் உழைக்கிறாள்; கடைசியில் அந்த அட்டிகை 500 ஃப்ராங்குக்கு மேல் பெறாத போலி நகை என்று தெரிகிறது. இப்படிப் பத்து ஜோடிகளைப் பேசி முடித்தாலே 100 முதல் 120 சொற்களில் எழுத அவளுக்கு விஷயம் கிடைத்துவிடும்.

கவிதைகளை வரிக்கு வரி பொருள் எழுதிப் படிப்பதைவிட, வாய்விட்டு மூன்று முறை படிப்பது நல்லது. பெரும்பாலும் சிறிய கவிதைகள்தாம். உருவகம், உவமை, மோனை போன்ற நயங்களின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த வரியில் அது என்ன செய்கிறது என்றும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இங்கே சின்னதாக ஒரு முறையீடு. ராபர்ட் ஃப்ராஸ்டின் 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ' கவிதையில் வரும் ஹெம்லாக் ஒரு நச்சு மரம் என்று பல கைடுகளில் எழுதியிருக்கிறார்கள். நஞ்சுள்ளது அதே பெயர் கொண்ட வேறொரு செடி. வட அமெரிக்காவில் பனி படிந்து நிற்கும் ஹெம்லாக், பைன் குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண ஊசியிலை மரம். உங்கள் மகள் விடை முழுவதையும் நஞ்சின் மேல் கட்டாமல், காகம் உதிர்த்த ஒரு சிறங்கைப் பனி வருந்திக் கழிக்கவிருந்த ஒரு நாளின் மிச்சத்தைக் காப்பாற்றியது என்பதன் மேல் கட்டட்டும். கவிதை சொல்வதும் அதைத்தான்.

இலக்கணத்தில் காலங்கள், துணைவினைகள், எழுவாய்–பயனிலை இயைபு, சுட்டுச்சொற்கள் (டிட்டர்மினர்ஸ்), பிறர் கூற்று (ரிப்போர்ட்டட் ஸ்பீச்) ஆகியவை மட்டும்தான் வரும். 12 வினாக்களில் 10 எழுதினால் போதும். நம் பிள்ளைகள் தடுமாறுவது பிறர் கூற்றில்தான். அதற்குக் காரணம் 'என்று'. தமிழில் 'நாளைக்கு வருவேன் என்றான்' என்று சொன்னால் பேசியவனின் சொற்கள் அப்படியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் 'ஹீ செட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியைக்கூட 'ஆஸ்க்ட் தட் வேர் வாஸ் ஷி கோயிங்' என்று எழுதுவார்கள். அந்த 'தட்' வேறொன்றுமில்லை, நம் 'என்று'வின் நிழல். ஆனால் தமிழில் இன்னொரு வழியும் உண்டு அல்லவா? 'தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்' என்று செய்தித்தாள் நடையில் எழுதும்போது, நான் என்பது தான் ஆகிறது, நாளை என்பது மறுநாள் ஆகிறது. ஆங்கிலம் கேட்பதும் இதே மாற்றங்களைத்தான். கூடுதலாக 'வில்' என்பதை 'வுட்' ஆக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். முதல் ஒரு வாரம் பத்துப் பத்து வாக்கியங்களைத் தமிழில் இப்படி மாற்றிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆயின. இயைபைப் பொறுத்தவரை, பன்மையில் பெயரோடு சேரும் 'எஸ்', ஒருமையில் வினையோடு போய் ஒட்டிக்கொள்ளும் விநோதத்தைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பிழைகள் குறையும்.

கடிதத்தில் வடிவத்துக்கென்றே மதிப்பெண் இருப்பதால், அனுப்புநர் முகவரி, தேதி, பெறுநர், பொருள், விளி, முடிப்பு ஆகியவற்றை வாரம் ஒரு முறை கை பழகும்படி எழுதினால் போதும். வினாவில் கொடுத்திருக்கும் பெயரைத் தவிரத் தன் சொந்தப் பெயரை எழுதிவிடக் கூடாது. பகுப்பாய்வுப் பத்தி என்பது கொடுத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது. அதிலுள்ள எல்லா எண்களையும் வரிசையாகப் படித்துக் காட்டுவதுதான் வழக்கமான தவறு. எது மிக அதிகம், எது மிகக் குறைவு, எங்கே திடீரென்று ஏறியது அல்லது இறங்கியது என்று மூன்று செய்திகளைப் பிடித்துக்கொண்டால் 100 சொற்கள் நிரம்பிவிடும். வரைபடத்தில் இல்லாத சொந்தக் கருத்து அதில் வேண்டாம்.

பத்தி படித்து விடையளிக்கும் பகுதிக்கு நாள்தோறும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படித்தால் போதும்; படித்து முடித்ததும் ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு வரியில் சொல்லச் சொல்லுங்கள். வினாக்களை முதலில் பார்த்துவிட்டுப் பத்தியைப் படிப்பதா, பத்தியைப் படித்துவிட்டு வினாக்களுக்குப் போவதா என்ற பட்டிமன்றத்தில் நான் இறங்கப் போவதில்லை. அவளுக்கு எது கைவருகிறதோ அது.

டியூஷன் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு வாரத்தில் புதிதாக ஓரிடத்தில் சேர்த்தால் அவர்களும் நோட்ஸ்தான் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக, ஞாயிறுதோறும் காலை 10.15-க்கு ஒரு மாதிரி வினாத்தாளைக் கையில் கொடுத்து, உண்மைத் தேர்வில் இருப்பதுபோலவே 15 நிமிடம் படிக்க மட்டும் விட்டு, 10.30 முதல் 1.30 வரை எழுதச் செய்யுங்கள். அந்த 15 நிமிடத்தில் அவள் செய்ய வேண்டியது, எந்தக் குறுவினாவை விடுவது, ஒவ்வொரு நெடுவினாவுக்கும் தரப்படும் இரண்டு தேர்வுகளில் எதை எழுதுவது என்று முடிவெடுப்பது. எழுதும் நேரத்தில் இலக்கியத்துக்கு 80 நிமிடமாவது மிஞ்ச வேண்டும். முதல் பகுதியில் ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி நெடுவினாவை நான்கு வரியில் முடிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. 1.20-க்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதியதில் வினைச்சொற்களை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த நாள் மதிப்பெண் வழிகாட்டியை வைத்து நீங்களே திருத்தலாம். அதற்கு உங்களுக்குப் பெரிய ஆங்கிலப் புலமை தேவையில்லை. அங்கே குறித்திருக்கும் கருத்து அவள் விடையில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.