பெரிய கட்டையை விழுந்த இடத்திலேயே பலகையாக அறுப்பது: கேள்வி பதில்

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் சாய்த்த பலாவும் புளியும் விறகு விலைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செயின் ரம்பத்தில் அலாஸ்கன் மில் (கட்டையை நீளவாக்கில் ஒரே கனத்தில் பலகையாக அறுக்க ரம்பத்தில் மாட்டும் சட்டகம்) மாட்டி அறுக்கக் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (ஆலங்குடி): அண்ணே, தோட்டத்தில் ஒரு பலா வேரோடு சாய்ந்துவிட்டது. சுற்றளவு ஏழடி, நேராகப் பத்தடி தேறும். அங்கேயே அறுக்க முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் முதலில் வேரைப் பாருங்கள். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும் வேர்ப்பாகம் சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழிப் பக்கம் ஆடு, மாடு, பிள்ளைகள் யாரும் நிற்கக் கூடாது.

அடுத்தது முனை. துண்டு போட்ட அன்றைக்கே இரண்டு முனையிலும் மிச்சமிருக்கும் எமல்ஷன் பெயிண்டைக் கெட்டியாக அப்பிவிடுங்கள். பக்கவாட்டைவிட முனை வழியாகத்தான் ஈரம் பல மடங்கு வேகமாகப் போகும். முனை முதலில் சுருங்கும், வெடிக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் இரண்டு பக்கமும் அரையடி போய்விடும்.

ஏழடிச் சுற்றளவு என்றால் விட்டம் சுமார் 27 அங்குலம். 90 சிசி எஞ்சினும் 36 அங்குல பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) வேண்டும். கடையில் வரும் சங்கிலி குறுக்கே அறுப்பதற்காக 30 டிகிரியில் தீட்டியது. நீளவாக்கில் அறுக்க 10 டிகிரியில் தீட்டியது வேண்டும். முதல் அறுப்புக்கு நேரான அலுமினிய ஏணி ஒன்றைக் கட்டைமேல் மட்டம் பார்த்து முடுக்கி, அதன்மேல் மில்லை ஓட்டுங்கள். அப்படி அறுத்துக் கிடைத்த மட்டமான தளத்தின்மேல்தான் அடுத்தடுத்த அறுப்பெல்லாம் ஓடும். தொடங்கும் முனையைச் சற்று உயர்த்தி வைத்தால் ரம்பத்தின் எடையே அதை இழுத்துப் போகும். இரண்டடிக்கு ஓர் ஆப்பு அடித்துக்கொண்டே போங்கள்.

விழும் தூள்மேல் கண் இருக்கட்டும். மஞ்சள் நிறத்தில் துருவல் துருவலாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவாகப் பறந்து கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்தி அரம் போடுங்கள். நான் ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒரு முறை தீட்டுகிறேன்.

வளையங்கள் தொடங்கும் நடுப்புள்ளி ஓடும் பலகையை அப்படியே வைக்காதீர்கள். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பலகை வெடித்தே தீரும். நீங்களே அதை நடுவில் கிழித்து இரண்டாக்கிவிடுங்கள். பலாவை விறகாக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். தஞ்சாவூர் வீணை செய்கிற மரம் அது.

கேள்வி: செயின் நல்லதா, பேண்ட் மில் (வளையமாக ஓடும் மெல்லிய ரம்பப் பட்டை கொண்ட மில்) நல்லதா?

செயின் ஒரு அறுப்பில் சுமார் 8 மில்லிமீட்டர் தின்னும், பேண்ட் சுமார் 2. நாலு அறுப்பில் செயினுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் தூளாகப் போகிறது. மரத்தை நகர்த்த வழியில்லை என்றால் செயின். வண்டி வரும், கட்டையும் நிறைய என்றால் பேண்ட்.

கேள்வி: பலகை எத்தனை நாளில் காயும்?

நிழலில், காற்றோட்டத்தில், ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். பலகைக்குப் பலகை ஒரு அங்குலச் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். சட்டம் விலகிய இடத்தில் பலகை நெளியும். காய்ந்த மரத்தில் சட்டம் போடுங்கள், பச்சைச் சட்டம் கறை பிடிக்கும். மேலே பாரம் வையுங்கள். முனைக்குப் பெயிண்ட்.

கேள்வி: சாலையோரப் புளி. ஆணி இருக்குமா?

இருக்கும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வெட்டிய முனையில் மை சிந்தியது போல நீலக்கருப்புத் தீற்றல் தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வாங்கும் காசு இரண்டு சங்கிலியில் திரும்பிவிடும்.

கேள்வி (மன்னார்குடி): ஐயா, எங்கள் தாத்தா கட்டையைக் குளத்தில் ஆறு மாதம் ஊறப்போட்டுத்தான் அறுப்பார். பூச்சி விழுந்ததே இல்லை. நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

உங்கள் தாத்தா செய்தது சரி. மரத்தை மாவாக்கும் வண்டு வெளிப்பக்க வெள்ளையில் (வெளிர் நிற இளமரம்) இருக்கும் மாவுச்சத்துக்காக வருகிறது, வைரத்துக்கு (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) அநேகமாக வராது. தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது அந்தச் சத்து குறைந்துபோகும். மூழ்கிக் கிடக்கிற கட்டை முனையும் வெடிக்காது. ஆனால் ஊறின கட்டையும் பிறகு காய்ந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: மூன்றடி விட்டக் கட்டைக்குள் ஆறு மாதத்தில் தண்ணீர் எப்படி ஐயா போகும்? இது நம்பிக்கைதானே?

நடுவரை போகாது, போகவும் தேவையில்லை. வெள்ளை வெளிப்பக்கம்தான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் பூச்சி வராமலிருக்கப் பூசச் சொல்லி போரிக் பவுடர் விற்பவர்கள் ஏமாற்றுகிறார்களா?

இல்லை. எல்லார் வீட்டிலும் குளம் இல்லை. வெண்காரம் மூன்று பங்கு, போரிக் இரண்டு பங்கு, வெந்நீரில் கரைத்துப் பச்சைப் பலகையிலேயே பூசுங்கள். ஈரம் இருந்தால்தான் அது உள்ளே இறங்கும். குளத்திலிருந்து எடுத்த கட்டை என்றால் பட்டையில் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் ரம்பம் வைக்காதீர்கள். மணல் பட்டால் சங்கிலி போச்சு.

கேள்வி: தேய்பிறையில் வெட்டினால் இரண்டுமே வேண்டாம் என்பார்களே?

கஜா வந்தது தீபாவளி முடிந்து பத்தாம் நாள், வளர்பிறை. அன்று விழுந்த பலாவில் நான் அறுத்த வைரப் பலகைகளில் இதுவரை பூச்சி இல்லை. வெள்ளை விட்டு வைத்த ஓரங்களில் மட்டும் ஊசி ஓட்டையும் மாவும் வந்தன. நான் கண்டது வெள்ளைக்கும் வைரத்துக்கும் உள்ள வித்தியாசம். நிலாவைப் பற்றி இதற்குமேல் கேட்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தென்னையில் அகலப் பலகை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே பஞ்சு. சுற்றிலும் குறுகலான சட்டங்களாக எடுங்கள்.

கேள்வி: அறுக்க, வண்டியில் ஏற்ற அனுமதி வேண்டுமா?

மரத்தைப் பொறுத்தது. தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் ரம்பத்தைத் தொடும் முன்பே வனச்சரக அலுவலகம் போங்கள். மில் வைத்துத் தொழில் செய்வதற்கும் அங்கேதான் கேட்க வேண்டும்.

கேள்வி: தூங்குமூஞ்சிப் பலகை, இரண்டரை அங்குலம். பொங்கலுக்கு மேஜை செய்யலாமா?

எந்தப் பொங்கலுக்கு? அங்குலத்துக்கு ஒரு வருடம். தூங்குமூஞ்சி குறைவாகச் சுருங்கும் மரம், முதல் பலகைக்கு நல்ல தேர்வு. அதற்காக அவசரப்படக் கூடாது.

கேள்வி: வேப்பம் பலகை எப்போது காயும்?

மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமா?

சீக்கிரம் வெடிக்கும். நிழல், சட்டம், பாரம், முனைக்குப் பெயிண்ட்.

கேள்வி (ஆலங்குடி): அண்ணே, பெயிண்ட் அடித்துவிட்டேன், ஏணியும் கிடைத்தது. கட்டையில் லேசாகக் கூன் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

மகிழ்ச்சி தம்பி. கூன் பக்கவாட்டில் விழும்படி உருட்டிப் போடுங்கள். மேலே பார்த்தபடி கிடந்தால் முதல் இரண்டு பலகை பாதி நீளம்தான் வரும். உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு ஏணியை முடுக்குங்கள்.